பளீர் மஞ்சள் மைப்பேனாவுக்கு என்ன நிற மை பொருந்தும்?

கேள்வி இது: "பளிச்சென்ற மஞ்சளில் லாமி சஃபாரி பேனா ஒன்று பரிசாக வந்திருக்கிறது. கூட வந்த நீல கார்ட்ரிட்ஜ் தீரப்போகிறது. இங்க் பாட்டில் வாங்கலாம் என்றிருக்கிறேன். பேனாவின் நிறத்துக்குப் பொருத்தமாக என்ன நிறம் வாங்குவது? மஞ்சள் மையே வாங்கிவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் மை வேண்டாம். வெள்ளைத் தாளில் மஞ்சளைப் போல ஒளிந்துகொள்ளும் நிறம் வேறு இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில், நீங்கள் எழுதியதை நீங்களே தாளைச் சாய்த்துச் சாய்த்துத் தேட வேண்டியிருக்கும். மஞ்சள் மைக்கென்றே பேனா இல்லாமல் இல்லை. பெலிகான் எம்205 டுவோ என்று ஒன்று வந்தது. ஆனால் அது அச்செழுத்தின் மேல் ஹைலைட்டர் போலக் கோடு இழுக்க வந்த பேனா. கடிதம் எழுத உதவாது.

பேனாவின் நிறத்திலேயே மை தேடும் ஆசை எல்லோருக்கும் வருவதுதான். கம்பெனிகளும் அதற்குத் தீனி போடுகின்றன. லாமி ஆண்டுதோறும் சஃபாரியில் ஒரு சிறப்பு நிறம் விடும். பல ஆண்டுகளில் அதே நிறத்தில் மையும் கூடவே வரும். 2016-இல் வந்த டார்க் லைலாக் என்ற ஊதா மைக்கு இன்றும் ஏங்குகிறவர்கள் உண்டு. அந்த ஜோடி ஏன் எடுபட்டது என்று பாருங்கள்: பேனாவும் அடர் நிறம், மையும் அடர் நிறம். எழுதினால் தெரியும். பளீர் நிறங்களில் இந்த ஜோடிக் கணக்கு உதைக்கும். கண்ணைப் பறிப்பதுதான் பேனாவின் வேலை, கண்ணை உறுத்தாமல் படிக்கவிடுவது மையின் வேலை. ஒரே நிறம் இரண்டையும் செய்யாது.

அதனால் நான் யாரிடமும் சொல்வது, மையை முதலில் தாளுக்குப் பாருங்கள், பேனாவுக்கு அப்புறம் பார்க்கலாம். பேனாவைப் பார்ப்பது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும்தான். எழுத்தைப் பார்ப்பவருக்கு அது எந்தப் பேனா என்றே தெரியாது.

சரி, அப்படியானால் பேனாவின் நிறத்தைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாமா? எடுக்கலாம். பட்டுச் சேலைக் கடையில் மாம்பழ மஞ்சள் உடலைக் காட்டினால், கரை அரக்கா, ராமர் பச்சையா என்றுதான் பேச்சு ஓடும். கரையும் அதே மஞ்சளில் வேண்டும் என்று கேட்கிறவர்கள் குறைவு. பளீர் பேனாவை உடலாகவும் மையைக் கரையாகவும் வைத்துப் பாருங்கள். கரை உடலைவிட அழுத்தமாக இருக்க வேண்டும், உடலோடு சண்டை போடவும் கூடாது. இவ்வளவுதான் என் சூத்திரம்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய சங்கதி உண்டு. பாரிஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற சித்திரத் திரைச்சீலை நெசவாலையின் சாயப் பிரிவுக்கு 1824-இல் செவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கருப்புச் சாயத்தில் அழுத்தம் போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் அதில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கருப்பு வெளிறித் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நிறம் தன் எதிர்நிறத்தின் (வண்ணச் சக்கரத்தில் நேர் எதிரே நிற்கும் நிறத்தின்) சாயலை அடுத்ததன் மேல் ஏற்றிவிடுகிறது என்பதை அவர் 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். மஞ்சளுக்கு எதிரே நிற்பவை நீலமும் ஊதாவும். எனவே மஞ்சள் பேனா கையில் இருக்கும்போது நீலச் சாயல் உள்ள மை இன்னும் கொஞ்சம் நீலமாக, செழிப்பாகத் தெரியும். மணல் நிறம், இளம்பச்சை போன்றவை சோகை பிடித்துத் தெரியும். பேனாவை மூடி வைத்துவிட்டால் இந்த மாயம் போய்விடும், அதையும் சொல்லிவிட வேண்டும். தாள் அப்புறம் தனியாகத்தான் கிடக்கப்போகிறது.

உங்கள் பேனாவில் மையும் உடலும் நிஜமாகவே ஒட்டி நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். சஃபாரியின் உடலில் மை அளவு பார்க்க நீளவாக்கில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கிறார்களே, அது. கன்வர்ட்டரில் (பாட்டில் மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உள்குழாயில்) மை நிறைந்திருக்கும்போது அதில் எந்த அடர் மையும் கருப்பாகத்தான் தெரியும். மை பாதிக்குக் கீழே இறங்கியதும் பேனாவைச் சாய்த்துப் பாருங்கள். கன்வர்ட்டரின் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டி வழியும்போதுதான் மையின் அசல் நிறம் மஞ்சள் சட்டத்துக்குள் தெரியும். அரக்கு மை அந்த இடத்தில் மாதுளைச் சாறு போலப் படர்வதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

உங்கள் மஞ்சளுக்கு என் முதல் தேர்வு ப்ளூ-பிளாக். மஞ்சளோடு அழகாக நிற்கும், ஆபீஸில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், எந்தத் தாளிலும் தெரியும். கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால் பைலட் கம்பெனியின் இரோஷிசுகு வரிசையில் ஷின்-காய் பாருங்கள். ஆழ்கடல் என்று அதற்குப் பெயர், சாம்பல் கலந்த கருநீலம். இரண்டாவது தேர்வு அரக்கு. லண்டனில் 1864-இல் தொடங்கி, பிறகு லிவர்பூலுக்கு மாறிய டயமைன் கம்பெனியின் ஆக்ஸ்பிளட் அந்த நிறத்துக்கு மிக அருகில் வரும். ஆசிரியர் திருத்தும் சிவப்பு போலக் கத்தாது, காய்ந்தபின் நல்ல கருஞ்சிவப்பாக அடங்கிவிடும். டயமைனில் 30 மில்லி சின்ன பாட்டிலும் கிடைப்பதால் பிடிக்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. ஊதாவைத்தான் வண்ணச் சக்கரம் பரிந்துரைக்கும். எனக்கு என்னவோ மஞ்சளும் ஊதாவும் சேர்ந்தால் கல்யாண மண்டப சீரியல் பல்பு ஞாபகம் வந்துவிடுகிறது. உங்களுக்குப் பிடித்தால் தாராளமாகப் போடுங்கள்.

மற்ற பளீர் பேனாக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரஞ்சு பேனாவுக்கு மயில்கழுத்து நிறம். இரோஷிசுகுவில் கு-ஜாகு என்றால் மயில் என்றே பொருள், நிறமும் அதுவே. திருவள்ளூர் ரங்கா பேனாக்களில் ஆரஞ்சு எபனைட் (கெட்டி ரப்பர்) உடல் வைத்திருப்பவர்கள் அவசியம் முயன்று பார்க்க வேண்டிய ஜோடி. கிளிப்பச்சைக்குக் கரும்பழுப்பு. ரோஸ் நிறத்துக்குக் கரும்சாம்பல். சிவப்பு பேனாவுக்குக் கருப்பு. பளீர் பேனா என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்ததே 1921-இல் வந்த பார்க்கர் டுவோஃபோல்ட்தான். கருப்புப் பேனாக்களுக்கு நடுவே செங்காவி ஆரஞ்சில் வந்து நின்றது, 'பிக் ரெட்' என்று பெயரும் வாங்கியது. அதில் சாதாரண நீலமும் கருப்பும் ஊற்றி எழுதியவர்களே அதிகம் இருந்திருப்பார்கள், அழகு ஒன்றும் குறைந்திருக்காது.

ஒரே நிறத்தில் மை போடுவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. நாலைந்து பேனாவில் மை நிரப்பி வைத்துப் புழங்குகிறவர் என்றால், மூடியைத் திறக்காமலே எதில் எந்த மை இருக்கிறது என்று தெரிவது பெரிய வசதி. அப்போதும் அதே குடும்பத்தில் இருண்ட நிறமாக எடுங்கள். கிளிப்பச்சைப் பேனாவுக்கு வாழையிலைப் பச்சை, ஆரஞ்சுக்குத் துருப்பிடித்த செம்பு நிறம், மஞ்சளுக்குத் தேன் பழுப்பு.

நிப் அளவைச் சொல்லாமல் நிறம் பற்றிப் பேசுவது வீண். ஒரே மை மிக மெல்லிய கோடு இழுக்கும் எக்ஸ்ட்ரா ஃபைனில் வெளிறும், தடித்த கோடு இழுக்கும் பிராடில் கறுக்கும். ஜப்பானிய ஃபைன் நிப் பொதுவாக ஐரோப்பிய ஃபைனைவிட மெல்லிசு. இணையத்தில் பார்க்கும் மை மாதிரிப் படங்கள் பெரும்பாலும் தடித்த நிப்பில், உயர்ந்த தாளில் எழுதியவை. உங்கள் பேனா எக்ஸ்ட்ரா ஃபைன் என்றால் படத்தில் தெரிவதைவிட ஒரு படி அடர்ந்த மையாக வாங்குங்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு இதில் கூடுதல் கவலை. நம் எழுத்தில் சுழி அதிகம். 'இ', 'ஞ', 'ணை' எல்லாம் மலிவான தாளில், மை தாராளமாக இறங்கும் பேனாவில் எழுதினால் சுழிக்குள் மை நிரம்பி அடைத்துக்கொள்ளும். மை தாளின் இழைகளில் ஊறிப் பரவினால் இன்னும் மோசம். தாளை மாற்ற முடியாதென்றால் ஃபைன் நிப்போடு, கொஞ்சம் வறண்டு ஓடும், அதாவது நிப்பிலிருந்து குறைவாக இறங்கும் மையை எடுங்கள். பெலிகான் 4001 வரிசை அதற்குப் பெயர் போனது. நல்ல தாளாக இருந்தால் அதே சுழிகள் விருந்து. 'ழ'வின் வால் வளைந்து முடியும் இடத்தில் மை தேங்கி அங்கே மட்டும் ஒரு சாயல் கறுப்பாகக் காயும். இந்த ஏற்ற இறக்கம் இங்கிலீஷைவிடத் தமிழில்தான் அதிகம் தெரிகிறது என்பது என் கட்சி.

வாங்குமுன் சோதிக்க முடிந்தால் சோதியுங்கள். பாட்டிலைப் பார்த்து நிறம் தெரியாது, எல்லா மையும் பாட்டிலில் கருப்புதான். ஒரு பல்குத்தும் குச்சியை மையில் தொட்டு, நீங்கள் தினமும் எழுதும் தாளிலேயே ஒரு பிள்ளையார் சுழி போட்டு, காயும்வரை பொறுங்கள். பல மைகள் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் வேறு நிறம். ஒரு சொட்டை டிஷ்யூ பேப்பரில் விட்டால் அது பரவும்போது உள்ளே கலந்திருக்கும் சாயங்கள் பிரிந்து வளையம் வளையமாக நிற்கும். கருப்பின் ஓரத்தில் ரோஸும் நீலமும் எட்டிப் பார்ப்பது வேடிக்கை.

இனி கறை. பளீர் பேனாக்காரர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது. சஃபாரியின் உடல் ஏபிஎஸ் பிளாஸ்டிக், உள்ளே என்ன கறை பட்டாலும் வெளியே தெரியாது. ஆனால் விரல் பிடிக்கும் கழுத்தும் மஞ்சள்தான். நிப்பை பாட்டிலில் முக்கி உறிஞ்சும்போது அந்தக் கழுத்தும் நனையும். சிவப்பு, ஊதா, ரோஸ் மைகளில் சாயச்செறிவு அதிகமாக இருந்தால் நிப் நுழையும் விளிம்பில் ஒரு கோடாகத் தங்கிவிடும். நிரப்பியதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நூட்லர்ஸ் பேஸ்டேட் ப்ளூ என்ற மையை மட்டும் இந்தப் பேனாவின் பக்கமே விடாதீர்கள். அற்புதமான நீலம், சந்தேகமில்லை. கறைக்கும் அதே அளவு பெயர் போனது, மற்ற மைகளோடு கலந்தாலும் ஒத்துப்போகாது.

எங்கே எழுதப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். மத்திய அரசு அலுவலக நடைமுறையில் பச்சையும் சிவப்பும் இணைச் செயலாளருக்கும் அதற்கு மேலுள்ளவர்களுக்கும், அதுவும் அரிதாகத்தான். நம்மூரில் பச்சைக் கையெழுத்தைப் பார்த்தாலே கெசட்டட் ஆபீசர் என்று நிமிர்ந்து உட்காருவார்கள். காசோலைகளை இப்போது ஸ்கேன் செய்து படமாகத்தான் அனுப்புகிறார்கள், எனவே அதில் அடர் நிறமே பாதுகாப்பு. கழுவினால் போகும் ராயல் ப்ளூவில் பத்திரம் எழுதாதீர்கள். மழையில் ஒருமுறை நனைந்தால் போதும், வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மையைக் கொடுப்பதே தப்பாக எழுதியதை ரசாயனப் பேனாவால் அழித்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான். உங்கள் சஃபாரியும் 1980-இல் அந்தப் பிள்ளைகளுக்காகப் பிறந்த பேனாதான், பெட்டியில் நீல கார்ட்ரிட்ஜ் வந்ததன் கதை அது.

கடைக்குப் போகும்போது இரண்டு விஷயம். பாட்டில் மை ஊற்ற சஃபாரிக்கு லாமியின் இசட்28 கன்வர்ட்டர் வேண்டும், வேறு கம்பெனி கன்வர்ட்டர் பொதுவாக உட்காராது. புது மை ஊற்றுமுன் நிப் பகுதியைச் சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் கூடாது, ஸ்பிரிட் கூடாது. டிஷ்யூவில் ஒற்றினால் நீலம் துளியும் ஒட்டாத வரை கழுவ வேண்டும், அரக்கு ஊற்றுவதாக இருந்தால் கண்டிப்பாக. மிச்ச நீலத்தோடு கலந்தால் முதல் இரண்டு பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் வரும், அதைப் பார்த்துவிட்டு மையைக் குறை சொல்லி இங்கே வந்து எழுதாதீர்கள்.