மும்பைக்காரர்களுக்கு அலிபாக்: போய் இறங்கியதும் கண்ணில் பட்டவை

மும்பையிலிருந்து போய்வர, பரபரப்பில்லாத கடற்கரை ஊராக அலிபாக் தேறுமா, முதல் பார்வையில் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். கடற்கரை சுமார்தான். ஊர் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தாராவியில் எங்கள் வீட்டுக்குத் திருநெல்வேலிப் பக்கம் உவரியிலிருந்து வந்திருந்த சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்வே ஆஃப் இந்தியாவில் லாஞ்ச் (பயணிகள் படகு) ஏறினால் ஒரு மணி நேரத்தில் எதிர்க்கரையில் இருக்கும் மாண்ட்வா படகுத்துறை. அங்கிருந்து அலிபாக்குக்கு லாஞ்ச்காரர்களே பஸ் விடுகிறார்கள், டிக்கெட்டோடு சேர்த்தி.

கரையில் போய் நின்ற சித்தப்பா, “ஏலேய், கடல எங்கல காணோம்?” என்றார். நியாயமான கேள்வி. நம்மூர்க் கரைகளில் கடல் ஏறி இறங்குவது பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். மும்பைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டரைத் தாண்டும். கரையும் சரிவில்லாத தட்டை. ஆகவே ஓஹோட்டி (வற்றுகிற நேரத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) வந்தால் தண்ணீர் எங்கோ போய்விடுகிறது. கடலுக்குள் நிற்கிற குலாபா கோட்டைக்கு நடந்தே போகலாம். குதிரை வண்டியும் உண்டு. சித்தப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் எனக்கு முன்னால் போய்விட்டார்.

கோட்டை சிவாஜி காலத்தில் தொடங்கியது. பிறகு மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்ரேயின் கைக்கு வந்தது. 1721-இல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து வந்து தாக்கியும் பிடிக்க முடியவில்லை. உள்ளே ஒரு பிள்ளையார் கோவில், சுற்றிலும் உப்புக் கடல் இருக்க நல்ல தண்ணீர்க் கிணறு. சித்தப்பா மதில் கல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “சும்மாவா பிடிக்க முடியல!”

காவலாளி விசில் ஊதினால் உடனே கிளம்பிவிடுங்கள். தண்ணீர் ஏறினால் படகுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஊருக்குள் நான் எதிர்பார்க்காத ஒன்று, பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் ஆய்வகம். முன்பு மும்பை கொலாபாவில் இருந்தது. மின்சார டிராம் வந்தால் அளவுகள் கெட்டுவிடும் என்று 1904-இல் இங்கே கொண்டுவந்தார்கள். கருவி இருக்கும் கட்டடத்தில் இரும்பே சேர்க்கவில்லை. மும்பையின் இரைச்சல் தாங்காமல் முதலில் ஓடிவந்தது அந்தக் கருவிகள்தான் போலிருக்கிறது!

சாப்பாட்டுக்கு வஞ்சிர மீன் ‘தாலி’ (தட்டுச் சாப்பாடு) கேளுங்கள், இங்கே அதற்குச் சுர்மை என்று பெயர். அரிசி மாவு ரொட்டியான பாக்ரியும், கோகம் என்ற புளிப்புப் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடி என்ற பானமும் கூடவே வரும். சித்தப்பாவுக்கு மீன் மசாலாவில் திருப்தி இல்லை, சோல்கடி மட்டும் மூன்று டம்ளர். கோடைக்கு முன்பே போனால் சாலையோரத்தில் வெள்ளை வெங்காயத்தைச் சடை பின்னித் தொங்கவிட்டிருப்பார்கள். புவிசார் குறியீடு வாங்கிய வெங்காயம். காரமில்லை, பச்சையாகவே கடிக்கலாம்.

சனி, ஞாயிறு வேண்டாம். மணலில் மோட்டார் வண்டிகளின் உறுமலும் புகையுமாக, மும்பையின் ஜூஹு கடற்கரையே தேவலாம் என்றாகிவிடும். செவ்வாய், புதனில் லீவு போட முடிந்தால் போடுங்கள். மழைக்காலத்தில் கேட்வே லாஞ்ச் ஓடாது. மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வா போகும் ரோ-ரோ கப்பலை (வண்டிகளையும் ஏற்றிச் செல்லும்) அன்றைய வானிலை பார்த்து முயற்சி செய்யலாம்.