டிபிஎஸ் ஆபரேஷனுக்குப் பிறகு: வேலூர் வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்

டிபிஎஸ் என்பது மூளைக்குள் வயர் வைத்து, மார்பில் பதித்த பேட்டரி மெஷினிலிருந்து மெல்லிய கரண்ட் கொடுக்கும் சிகிச்சை. நடுக்கமும் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோய்க்காக அதைச் செய்துகொண்டவர்களின் வீட்டார் கேட்டவை இவை.

காட்பாடி: ஆபரேஷன் ஆன மறுநாள் அப்பாவுக்கு நடுக்கமே இல்லை. பத்து நாளில் திரும்பிவிட்டது. வயர் நகர்ந்துவிட்டதா ஐயா?

பெரும்பாலும் அப்படி இருக்காதும்மா. வயர் இறங்கிய இடத்தில் மூளை லேசாக வீங்கும். அந்த வீக்கமே சில நாள் நடுக்கத்தை அடக்கி வைக்கும். வடிந்ததும் நடுக்கம் திரும்பும். மெஷினை வழக்கமாக 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் ஓடவிடுவார்கள். கரண்டை மெல்ல ஏற்றி, மாத்திரையை மெல்ல இறக்கி, இரண்டும் ஒத்துவர 3 முதல் 6 மாதம் பிடிக்கும். ஒரு நோட்டில் மாத்திரை போட்ட நேரம், கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நகராமல் நின்ற நேரம், உடம்பு தானாக நெளிந்த நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். செட்டிங் வைப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

குடியாத்தம்: அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். திடீரென்று விட்டால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆரணி: நல்லபடியாக முடிந்தால் திருப்பதியில் மொட்டை என்று அம்மா வேண்டிக்கொண்டார். இரண்டு மாதம்தான் ஆகிறது.

இப்போது வேண்டாம். உச்சந்தலையில் இருபுறமும் விரலுக்குத் தட்டுப்படும் மேடுகள் இருக்கும். வயரை இறுக்கும் மூடிகள் அவை. அங்கிருந்து வயர் காதுக்குப் பின்னால் கழுத்து வழியாக இறங்குகிறது. அந்த மேட்டின் மேல் தோல் மெல்லிசு. கத்தி ஒரு கீறு போட்டால் கிருமி உள்ளே போய் மூடியிலும் வயரிலும் ஒட்டிக்கொள்ளும். அங்கே மருந்து சரியாக எட்டாது. சில சமயம் மொத்தத்தையும் கழற்ற வேண்டிவரும். பூமுடி கொடுத்தாலும் வேண்டுதல் நிறைவேறும். மொட்டைதான் என்றால் டாக்டர் சம்மதித்த பிறகு, கத்தி இல்லாமல் டிரிம்மரில் எடுக்கட்டும். ஹெல்மெட்டும் அந்த மேட்டில் உரசக் கூடாது. சிவப்பு, கசிவு, தோல் பளபளவென்று மெலிவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

ஆம்பூர்: தோள் வலிக்கு ஹீட் வைக்கிறேன் என்கிறார் பிசியோதெரபிஸ்ட்.

அந்த ஹீட் டயாதெர்மி, அதாவது மின் அலையால் உடம்புக்குள் சூடேற்றும் மெஷின் என்றால் கூடவே கூடாது, டிபிஎஸ் மெஷினை அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. அந்தச் சக்தி வயர் வழியாக ஏறி, மூளையில் இருக்கும் நுனியைச் சுட்டுவிடும். கையால் செய்யும் பயிற்சிகள் போதும். கருவியின் அடையாள அட்டையை முதலில் காட்டுங்கள். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னாலும் அப்படித்தான். கருவியின் மாடலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ராணிப்பேட்டை: பட்டறை வேலைக்குத் திரும்பலாமா சார்?

ஆர்க் வெல்டிங்கை விட்டுவிடுங்கள். மிக்ஸி, கிரைண்டர், செல்போனால் பயமில்லை. போனை மட்டும் மார்புப் பையில் வைக்காதீர்கள்.

ஆற்காடு: நடுக்கம் நின்றது, பேச்சு குழறுகிறது.

கரண்ட் பக்கத்து நரம்புப் பாதைக்குக் கசிந்தால் அப்படி ஆகும். செட்டிங்கை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நோயே முற்றுவதால் வரும் குழறல் மெஷினுக்கு அடங்காது, பேச்சுப் பயிற்சிதான் வழி. நடையும் அப்படியே. மாத்திரை நன்றாக வேலை செய்த நேரத்திலும் கால் ஒட்டியிருந்தால், மெஷினாலும் அது பெரிதாக மாறாது.

வாணியம்பாடி: பேட்டரி தீர்வது எப்படித் தெரியும்?

சார்ஜ் செய்யாத வகை பொதுவாக 3 முதல் 5 வருடம் வரும். ஒவ்வொரு செக்கப்பிலும் மீதியைக் கேட்டு எழுதி வையுங்கள். திடீரென்று உடம்பு மரக்கட்டையாகி, விழுங்கவும் முடியாமல் போனால் ரிமோட்டில் மெஷின் ஓடுகிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் போடுங்கள். போட்டும் ஓடவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காமல், அட்டையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.