சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தால் சிங்கப்பூரில் பலன் இருக்குமா?

நீங்கள் அலுவலக வேலையில் இருக்கிறீர்கள், ஒரு நல்ல சைக்கிளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், விலைதான் யோசிக்க வைக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் இருப்பதுபோல் இங்கும் வரிச்சலுகை வந்தால் வாங்கிவிடலாம் என்பது உங்கள் எண்ணம். வந்தாலும் கையில் பெரிதாக எதுவும் நிற்காது.

நான் வரி நிபுணர் இல்லை. 11 வருடமாக ஈசூனிலிருந்து காம்பஸ் அவென்யூ வழியாக உட்லண்ட்ஸுக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்துத் திட்டம் 1999இல் தொடங்கியது. நிறுவனம் சைக்கிளை வாங்கி ஊழியரிடம் வாடகைக்குக் கொடுக்கும். வாடகையை வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். அங்கே சாதாரணச் சம்பளக்காரரே 20 விழுக்காடு வருமான வரி கட்டுகிறார், தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் தனி. அதனால் மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே என் கணக்கைப் பாருங்கள். என் வருமானத்தின் மேல்பகுதிக்கு வரி 3.5 விழுக்காடு. 800 வெள்ளி சைக்கிளுக்கு முழு விலக்கு கொடுத்தாலும் எனக்கு மிஞ்சுவது 28 வெள்ளி.

காலை ஆறரைக்கு என்னோடு அந்தச் சாலையில் வருகிறவர்களுக்கு அதுவும் கிடையாது. எங்கள் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா சைக்கிளில்தான் வருகிறார். மாதம் 2,000 வெள்ளி என்று வையுங்கள், வருடத்துக்கு 24,000. ஓய்வுக்காலச் சேமிப்பான மசேநிதிக்கு (மத்திய சேம நிதி) போகும் 20 விழுக்காட்டைக் கழித்தால் 19,200. முதல் 20,000 வெள்ளிக்கு இங்கே வரியே இல்லை. வரியே கட்டாதவருக்கு வரிச்சலுகை எப்படி உதவும்? இங்கிலாந்திலும் இதே சிக்கல்தான். பிடித்தம் போகச் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதால், மிகக் குறைந்த சம்பளக்காரர்கள் அந்தத் திட்டத்தில் சேர முடிவதில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் மேற்பார்வையாளர்களுக்கு மாதப் பார்க்கிங் கட்டணத்தை நிறுவனமே கட்டியது. எனக்குக் கார் இல்லை. அந்தப் பணம் வேண்டாம், சைக்கிள் நிறுத்த ஒரு கம்பியும் குளிக்க ஓர் இடமும் கொடுங்கள் என்று கேட்டேன். "விதியில் இல்லை" என்றார்கள். இரண்டாம் மாடியில் குளியலறை இருந்தது. அதில் பழைய நாற்காலிகளை அடைத்துப் பூட்டியிருந்தார்கள். ஈரத் துண்டை பிளாஸ்டிக் பையில் கொண்டுபோய்க் கழிவறையில் உடம்பைத் துடைத்துக்கொண்டு சட்டை மாற்றுவேன்.

சைக்கிளைச் சரக்கு இறக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கம்பியில் பூட்டி வைத்தேன். ஒருநாள் மஞ்சள் சீட்டு தொங்கியது. அதில் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழியிலும் எழுதியிருந்தது. தமிழ் வரியில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்து கிடந்தன. நான்கில் ஒன்று நம் மொழி. அச்சடிக்கும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்ட ஒரு நிமிடம் ஆகுமா? கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் அந்தச் சீட்டை நினைக்கும்போதெல்லாம் கொதிக்கிறது.

அடுத்த வாரம் சங்கிலியை வெட்டி சைக்கிளை எடுத்துப் போய்விட்டார்கள். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

கார் வைத்திருப்பவர்கள் மேல் எனக்குப் பொறாமை என்று யாராவது எழுதுவார்கள். இல்லை. சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழுக்குப் பணம் கட்டிக் கார் ஓட்டுகிறவர் அதற்கான விலையைக் கொடுக்கிறார், சரி. அவருக்குச் செலவழிக்கத் தயாராக இருந்த பணத்தில் ஒரு பங்கைத்தான் நான் கேட்டேன்.

ஊக்கத்தொகையே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 2013 முதல் 2017 வரை, நகர மையத்தில் குறிப்பிட்ட சில எம்ஆர்டி ரயில் நிலையங்களில் காலை 7.45க்கு முன் வெளியேறினால் கட்டணம் இல்லை என்று இருந்ததே, நினைவிருக்கிறதா? என் மனைவி அதற்காகவே முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்தார். பணம் அன்றன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்தது. பெல்ஜியத்தில் சைக்கிளில் வரும் ஊழியருக்கு நிறுவனம் கிலோமீட்டர் கணக்கில் பணம் தருகிறது, குறிப்பிட்ட அளவு வரை அதற்கு வரி கிடையாது. அப்படி ஏதாவது இங்கே வந்தால் அந்த அக்காவுக்கும் நாலு காசு சேரும்.

2030க்குள் சைக்கிள் பாதைகள் 1,300 கிலோமீட்டர் ஆகப் போகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் பாதை கட்டட வாசல் வரைதான் வரும்.

இப்போது இருக்கும் இடத்தில் முதலில் நான் ஒருவன்தான் சைக்கிளில் வந்தேன். புதிதாக வந்த கட்டட நிர்வாகி, ஒரு மலாய்க்காரர், பத்து சைக்கிள் நிறுத்தும் கம்பி போட்டு, பூட்டிக் கிடந்த குளியலறையையும் திறந்துவிட்டார். ஒரு வெள்ளிகூட யாருக்கும் கொடுக்கவில்லை. ஆறு மாதத்தில் கம்பியில் இடம் போதவில்லை.

நீங்களும் ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால், சைக்கிள் விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் அலுவலகத்தில் குளியலறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.