சிறுநீரகம் பலவீனமான அப்பாவுக்கு ஆல்கலைன் டயட் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பத்து வருடமாக சர்க்கரையும் பி.பி.யும் இருக்கிறது. டெல்மிசார்ட்டன் என்ற பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். போன மாத ரத்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவு) 1.9, பொட்டாசியம் 5.3. ஆல்கலைன் வாட்டர் மெஷின் விற்கும் அத்தை மகன், அப்பாவின் சிறுநீரில் அமில அளவு பார்க்கும் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, “5.5 காட்டுகிறது, உடம்பு முழுக்க அமிலம்” என்றார். அமிலத்தைக் குறைக்கும் ஆல்கலைன் டயட் என்று அவர் சொன்னபடி பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். காலையில் வாழைத்தண்டு சாறு, பதினோரு மணிக்கு இளநீர், இரவில் சமையல் சோடா போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுக்கிறோம். மெஷின் 1,80,000 ரூபாய். 20,000 முன்பணம் கொடுத்தாயிற்று. மீதியைக் கட்டலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. ஆனால் பணத்தைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. வாழைத்தண்டு சாற்றிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம், இன்றைக்கே நிறுத்துங்கள். நாளைக் காலையில் பொட்டாசியத்தை மறுபடியும் பார்த்துவிடுங்கள். கால் துவண்டு போனாலோ, நெஞ்சு படபடத்தாலோ, நாடி மெதுவானாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.

முதலில் அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்கிறேன். அது காட்டுவது பி.எச். என்ற அளவு: 7-க்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் அதற்கு எதிரான காரம், அதாவது ஆல்கலைன். சிறுநீரின் பி.எச். 4.5-லிருந்து 8 வரை ஏறி இறங்கும். நேற்று என்ன சாப்பிட்டோம், எவ்வளவு தண்ணீர் குடித்தோம் என்பதைப் பொறுத்து மாறும். உடம்பில் சேரும் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளுவதால்தான் 5.5 காட்டுகிறது. வாசலில் குப்பைக்கூடை நிறைந்திருந்தால் வீட்டைப் பெருக்கியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ரத்தத்தின் கதை வேறு. அது 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும். நுரையீரல் மூச்சு வழியாகவும், சிறுநீரகம் சிறுநீர் வழியாகவும் அதை அங்கேயே பிடித்து வைக்கின்றன. மீன் குழம்பு சாப்பிட்டதால் ரத்தம் அமிலமாகாது, கீரை சாப்பிட்டதால் காரமாகவும் ஆகாது.

மெஷின் தண்ணீரும் அப்படித்தான். வயிற்றுக்குள் பி.எச். ஒன்றரை, இரண்டு என்ற அளவில் அமிலம் இருக்கிறது. நீங்கள் குடிக்கும் காரத் தண்ணீர் அதில்தான் போய் விழுகிறது. எங்கள் அடுக்குமாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த டெமோவை நானே உட்கார்ந்து பார்த்தேன். நான்கு கண்ணாடி டம்ளர்களில் குழாய்த் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கோலா, மெஷின் தண்ணீர் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் பி.எச்.-க்கு ஏற்ப நிறம் மாறும் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளானது, மெஷின் தண்ணீர் கருநீலமானது. “மஞ்சள்தான் நீங்கள் தினமும் குடிக்கும் விஷம்” என்றார் அந்தப் பையன். முன்வரிசையில் இருந்த பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் குறைவு. காற்றிலுள்ள கரியமில வாயு கொஞ்சம் கரைந்தாலே போதும், அந்தச் சாயம் நிறம் மாறிவிடும். அதில் விஷம் எதுவும் இல்லை. நம் நாட்டு குடிநீர்த் தரம் கேட்பது 6.5-லிருந்து 8.5 வரைதான். அதற்கு லட்ச ரூபாய் மெஷின் எதற்கு?

புற்றுநோயும் ஓடிவிடும் என்று அவர்கள் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த டயட்டை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ராபர்ட் யங். அவர் மருத்துவரே இல்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றவாளி என்று 2016-ல் கலிஃபோர்னியாவில் ஜூரி தீர்ப்பளித்தது. அவரை நம்பி முறையான சிகிச்சையைத் தவிர்த்த மார்பகப் புற்றுநோயாளி ஒருவருக்கு 10 கோடியே 50 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2018-ல் ஜூரி தீர்ப்பளித்தது. நம் ஊரிலும் புற்றுநோய், நீரிழிவு தீரும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கல்யாண மண்டபத்தில் மைக் வைத்துச் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். யார் போய்க் கேட்கிறார்கள்?

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். “உடம்பில் அமிலம் சேரும்” என்ற பேச்சு உண்மையாகும் இடம் ஒன்று உண்டு. அது சிறுநீரக நோய். அப்பாவின் வயதுக்குக் கிரியேட்டினின் 1.9 என்றால் சிறுநீரகம் சுமார் 40 சதவீதம்தான் வேலை செய்கிறது. அந்த நிலையில் அமிலத்தை முழுவதுமாகத் தள்ள முடியாமல் போகலாம். அதைச் சிறுநீர்ப் பட்டை காட்டாது. ரத்தத்தில் அமிலத்தைச் சமன் செய்யும் பைகார்பனேட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 22-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால், டாக்டர் சோடியம் பைகார்பனேட் மாத்திரையை யோசிப்பார். சில ரூபாய் மாத்திரைதான். பல லேப் பேக்கேஜ்களில் இந்த டெஸ்ட் சேர்ந்திருக்காது, நீங்கள்தான் கேட்டு எழுதி வாங்க வேண்டும். வைட்டமின் டெஸ்ட் ஏழெட்டு இருக்கும், சிறுநீரக நோயாளிக்கு வேண்டிய இது இருக்காது.

அப்படியானால் காய், பழம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். மற்றவர்களுக்கு நல்லதுதான். அப்பாவுக்கு அதிலிருக்கும் பொட்டாசியம்தான் ஆபத்து. வாழைத்தண்டு, இளநீர், தக்காளி, முருங்கைக்கீரை, வாழைப்பழம், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். பலவீனமான சிறுநீரகத்தால் அதைப் போதுமான அளவு வெளியேற்ற முடியாது. டெல்மிசார்ட்டனும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். 5.3 என்பதே வரம்பைத் தாண்டிய அளவு. தினம் ஒரு டம்ளர் வாழைத்தண்டு சாறு குடித்துவந்த ஒரு பெரியவரை, நான் வேலை செய்யும் பிரிவுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். பொட்டாசியம் 6.8. “இயற்கைதானே மேடம், என்ன செய்யும்னு நினைச்சோம்” என்று மகன் அழுதார். அன்றிரவே டயாலிசிஸ் செய்து காப்பாற்றினோம்.

சமையல் சோடாவும் வேண்டாம். ஒரு டீஸ்பூனில் சுமார் 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 2,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.பி. ஏறும், கால் வீங்கும். இன்னொரு பொறி: “சோடியம் குறைந்த உப்பு” என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அதையும் வாங்காதீர்கள்.

பருப்பு, முட்டையை ஒரேயடியாக நிறுத்தியதும் தப்பு. தசை கரைந்துவிடும். எவ்வளவு என்பதை எடை பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலான ஓ.பி.களில் டாக்டருக்கு ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்தான். எல்லாருக்கும் ஒரே ஜெராக்ஸ் டயட் ஷீட்டை நீட்டுவார்கள். அதனால்தான் மக்கள் அத்தை மகனிடம் போகிறார்கள். நீங்கள் விடாதீர்கள், உணவியல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை சுரைக்காய், புடலை, பீர்க்கை, முட்டைக்கோஸ் போதும். பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, சோற்றுக் கஞ்சி வடிப்பதுபோல வடித்துவிட்டுப் பொரியல் செய்யுங்கள். பழம் வேண்டுமென்றால் அரை ஆப்பிள் கொடுக்கலாம்.

முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா பாருங்கள். திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம். சொந்தக்காரர் என்று தயங்க வேண்டாம். நாளை லேபுக்குப் போகும்போது பொட்டாசியத்தோடு பைகார்பனேட்டையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.