ஸ்காட்லாந்துத் தீவுகளைக் கார் இல்லாமல் நடந்தே சுற்ற முடியுமா? கூடாரம் எடுத்துப் போகலாமா?

தாராளமாக முடியும். கார் இல்லாமல் போவதுதான் அங்கே வசதியும்கூட. கோடையில் காரோடு கப்பலேற நாள் கணக்கில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டியிருக்கும். முதுகுப்பையோடு நடந்து வருகிறவருக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.

எந்தத் தீவுகள் என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டம் என்பேன். அங்கே 'ஹெப்ரிடியன் வே' என்ற நடைவழி இருக்கிறது. 2017-இல் திறந்தார்கள். தெற்கே வாட்டர்சேயில் தொடங்கி வடக்கே லூயிஸ் தீவின் ஸ்டோர்னொவே ஊர்வரை சுமார் 250 கிலோமீட்டர், மொத்தம் 10 தீவுகள். அவற்றில் பலவற்றைக் கடலில் கல்லைக் கொட்டிப் போட்ட சாலைகள் இணைக்கின்றன. அதனால் வழியில் கப்பலேற வேண்டியது இரண்டே இடங்களில்தான்: பாராவிலிருந்து எரிஸ்கேக்கு, அப்புறம் பெர்னரேயிலிருந்து ஹாரிஸுக்கு. தெற்கிலிருந்து வடக்கே நடங்கள். அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். முதுகில் வாங்கிக்கொண்டு நடப்பதற்கும் முகத்தில் வாங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் பெருநிலக் கரையில் இருக்கும் ஓபன் துறைமுகத்திலிருந்து, வாட்டர்சேயை ஒட்டியுள்ள பாராவுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரக் கப்பல் பயணம். பலத்த காற்று வீசினால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் திரும்பும் விமானத்துக்கும் கடைசிக் கப்பலுக்கும் நடுவே இரண்டு நாளாவது சும்மா விட்டுவையுங்கள்.

கூடாரம் எடுத்துப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, தனியார் நிலமாகவே இருந்தாலும் திறந்த மேய்ச்சல் வெளிகளிலும் மலைகளிலும் பொறுப்போடு நடக்க யாருக்கும் உரிமை உண்டு. ஓரிரு இரவு கூடாரம் போடவும் அனுமதி இருக்கிறது. வீடுகளை ஒட்டிப் போடக்கூடாது, விளைநிலத்தை மிதிக்கக்கூடாது, நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். நடப்பவர்களை இவ்வளவு நம்புகிற சட்டம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

முழுவழியில் ஒரே ஒரு துண்டைத்தான் நடக்க முடியும் என்றால் ஹாரிஸில் உள்ள சவப்பெட்டிப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஹாரிஸின் மேற்குக் கரை வெண்மணலும் புல்வெளியுமாக இருக்கும். கிழக்குக் கரை வெறும் பாறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலச்சுவான்தார்கள் ஆடு வளர்ப்பதற்காக மேற்கே இருந்த குடியானவர்களைக் கிளப்பி, கிழக்குப் பாறைகளுக்குத் துரத்திவிட்டார்கள். அவர்கள் கடற்பாசியையும் மண்ணையும் சுமந்துவந்து பாறைமேல் பாத்தி பாத்தியாகக் கொட்டி உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். அந்தப் பாத்திகளின் வரிகளை இன்றும் பார்க்கலாம். ஆனால் செத்தவரைப் புதைக்கும் அளவுக்கு அங்கே மண்ணுக்கு ஆழம் இல்லை. பிணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையைக் கடந்து, தாங்கள் விரட்டப்பட்ட அதே மேற்குக் கரைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மேடேறித் திரும்பிப் பார்க்கும்போது மேற்குக் கரையின் லஸ்கென்டயர் கடற்கரை பச்சையும் நீலமுமாக விரியும். அவ்வளவு அழகைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஊரின் வரலாறு தெரியாமல் வெறும் புகைப்படத்துக்காக அந்த வழியில் போகாதீர்கள்.

மே மாதம் நல்லது. பகல் நீளமாக இருக்கும். மிட்ஜ் என்கிற பொடிக் கொசுக்கள் இன்னும் பெருகியிருக்காது. ஜூன், ஜூலையில் கடலோரப் புல்வெளி முழுக்கப் பூத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் காற்று நின்ற மாலையில் மிட்ஜ் கூட்டம் மொய்த்தால் கூடாரத்துக்கு வெளியே உட்காரவே முடியாது. எந்த மாதம் போனாலும் மழைக்கோட்டு வேண்டும். சதுப்பு நிலம் நிறைய இருப்பதால் கணுக்காலை மூடும் ஷூ அவசியம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தனியாகத் திட்டமிடுங்கள். லூயிஸிலும் ஹாரிஸிலும் அது ஓய்வுநாள். பஸ் ஓடாது, பெரும்பாலான கடைகள் திறக்காது. சனிக்கிழமையே சாப்பாடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து நாள்தான் இருக்கிறது என்றால் முழுவழியை விட்டுவிடுங்கள். ஸ்கை தீவின் ஊய்க் துறையிலிருந்து ஹாரிஸின் டார்பெர்ட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கப்பல் போய்விடும். டார்பெர்ட்டில் தங்கி, தெற்கே லெவர்பர்க் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறி வேண்டிய இடத்தில் இறங்கி நடக்கலாம்.