கண்ணாடிக் கடையில் பார்த்தாச்சு, போதாதா?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். பேப்பர் படிக்க முடிகிறது, பஸ் போர்டும் தெரிகிறது. போன மாதம்தான் கண்ணாடிக் கடையில் பார்த்து "கண் நல்லா இருக்கு" என்றார்கள். ஆனாலும் சர்க்கரை டாக்டர் விடாமல் கண் டாக்டரிடம் போகச் சொல்கிறார். அவசியம்தானா?

*– ஒரு வாசகர், விருதுநகர்*

பதில்: போங்க சார், இந்த வாரமே போங்க. கடையில் பார்த்தது பவர். சர்க்கரை போய்க் கைவைக்கும் இடம் கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரை. அங்கே ஓடும் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் வருடக்கணக்கில் சர்க்கரையில் ஊறி ஊறிப் பலவீனமாகி, அங்கங்கே புடைத்து, ரத்தமும் நீரும் கசிய ஆரம்பிக்கும். கசிவு நட்டநடுவில், அதாவது நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பயன்படுத்தும் மாக்குலாவில், படாதவரை உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வலியும் கிடையாது. சார்ட்டில் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டு "பார்த்தீங்களா டாக்டர்" என்று சிரிப்பார்கள், உள்ளே பார்த்தால் விழித்திரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகளாக இருக்கும். "தெரியுதே" என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டைப் 2 என்றால் சர்க்கரை இருப்பது தெரிந்த அன்றே ஒரு முறை, அப்புறம் வருடா வருடம் பார்க்க வேண்டும். அன்றே ஏன் என்றால், நமக்குத் தெரிவதற்குச் சில வருடங்கள் முன்பே அது வந்து உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு ஒன்பது வருடம் ஓடிவிட்டது. போகும்போது கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), பிரஷர், கொழுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோங்கள், பிரஷரும் சிறுநீரகமும் இந்த வியாதியோடு கைகோத்தே நடக்கும்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நாள் பூரா மங்கலாகிவிடும் என்று வர மறுக்கிறார். மருந்து விடாமல் பார்க்க முடியாதா?

*– ஒரு வாசகி, திருப்பூர்*

பதில்: கண்ணின் பாப்பா சாவித்துவாரம் மாதிரி. அது வழியாக ஒரு பெரிய அறையைப் பார்த்தால் எதிர்ச் சுவர் கொஞ்சம் தெரியும், மூலை முடுக்கு தெரியாது. மருந்து அந்தத் துவாரத்தை விரிக்கிறது, அவ்வளவுதான். விட்டதும் லேசாக எரியும், இருபது முப்பது நிமிடம் கண்ணை மூடி உட்கார வைப்பார்கள். அதன்பின் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகவும் வெயிலில் கூச்சமாகவும் இருக்கும், போனில் வந்த மெசேஜ்கூடப் படிக்க முடியாது. சிலருக்கு இன்னும் கொஞ்சம் நீளும், ஆனால் தானாகத் தெளிந்துவிடும். அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போய், கூலிங் கிளாஸ் போட்டுக் கூட்டிவாருங்கள். தனியாக வண்டியில் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இப்போது சில இடங்களில் மருந்து விடாமலே கேமராவில் படம் எடுத்துப் பார்க்கிறார்கள், முதல் வடிகட்டலுக்கு அது நல்லதுதான், ஆனால் படத்தில் சந்தேகம் வந்தாலோ புரை மறைத்தாலோ சொட்டு மருந்துக்கே வர வேண்டும்.

செலவுதான் யோசனை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவுக்குப் போகலாம். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது.

கேள்வி: கணவருக்குக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். கேட்டதிலிருந்து தூக்கமில்லை. லேசர் மட்டும் போதாதா?

*– ஒரு வாசகி, தஞ்சாவூர்*

பதில்: பெயர்தான் பயங்கரம். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவார்கள், சில நொடியில் முடிந்துவிடும், பலர் "போட்டாச்சா?" என்றே கேட்பார்கள். விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருந்தால் பெரும்பாலும் ஊசிதான் முதலில். புதிதாக முளைத்து உடைந்துபோகும் குழாய்களை அடக்க லேசர் இன்றும் நல்ல ஆயுதம், ஆனால் அது இருப்பதைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது. அவருக்கு எது என்பதைப் படம் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு ஊசியோடு முடியாது, ஆரம்பத்தில் பெரும்பாலும் மாதாமாதம் வர வேண்டியிருக்கும். ரெண்டாவது ஊசியில் கொஞ்சம் தெளிந்ததும் வராமல் விடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

போட்ட பிறகு கண் வலித்துச் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, திடீரென்று கறுப்பு நூல் நூலாக மிதந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறது. புதுசு வாங்கலாமா?

*– ஒரு வாசகர், கடலூர்*

பதில்: சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸும் சேர்ந்து வீங்கி வற்றும், பவர் ஆடும். சில வாரம் சர்க்கரை ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் வாங்குங்கள். அதற்குள் விழித்திரையைப் பார்த்துவிடுங்கள்.