பையன் ஹாஸ்டல்ல, சபை ஊர்ல

கேள்வி: என் மகன் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் படிக்கான். ஊர்ல இருந்தப்ப சண்டே ஸ்கூல், கொயர், கேரல் ரவுண்ட்ஸ் எதையும் விட்டதில்ல. இப்ப ஞாயித்துக்கிழமை போன் போட்டு "சர்ச்சுக்குப் போனியாப்பா"ன்னா "போனேம்மா"ங்கான், என்ன பிரசங்கம்னு கேட்டா முழிக்கான். திட்டவும் மனசு வரல. என்ன செய்ய?
– ஒரு தாய், நாசரேத் பக்கம்

பதில்: அந்த "என்ன பிரசங்கம்" கேள்வியை முதல்ல நிறுத்துங்க சிஸ்டர். வாரம் முழுக்க வைவாவுல முழிக்கிறவன், ஞாயித்துக்கிழமையுமா முழிக்கணும்? அன்னாள், ஆலயத்துல விட்டிருந்த மகன் சாமுவேலுக்கு வருஷா வருஷம் சின்ன சட்டை தச்சு கொண்டுபோய் குடுத்தாங்கன்னு வேதத்துல இருக்கு, போய் உக்காந்து விசாரணை நடத்துனதா இல்ல.

ஹாஸ்டல் ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும் தெரியுமா, சனி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அரட்டை, காலைல எந்திரிச்சா மெஸ்ல பூரி தீர்ந்துருக்கும், அவுட்பாஸுக்கு வார்டன் ரூம் வாசல்ல நிக்கணும், காலேஜ் ஊருக்கு வெளிய இருந்தா காந்திபுரம் வந்து பஸ் மாறி சர்ச்சுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ஆராதனை முடிஞ்சிரும். கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு ஒருத்தர்கூடவும் பேசாம திரும்பி வரணும். ஊர்ல அவன் வரலன்னா கொயர் மாஸ்டர் வீட்டுக்கே ஆள் அனுப்பியிருப்பாரு, அங்க அவன் வந்ததும் தெரியாது வராததும் தெரியாது. பக்தி குறைஞ்சு போச்சுன்னு நீங்க நினைக்கிறீங்க, எனக்கென்னவோ அவனைத் தேட அங்க ஆளில்லங்கறதுதான் விஷயம்னு தோணுது.

அதனால உங்க சபை ஐயரை, அதாவது போதகரைப் பாருங்க. பிளஸ் டூ பரீட்சைன்னா பிள்ளைங்களை முன்னாடி கூப்பிட்டு தலையில கை வச்சு ஜெபிக்கிறாங்க, அதே பிள்ளை காலேஜுக்குப் போனா ஜெபக் குறிப்புல பேர்கூட இருக்காது (நம்ம சபைகள் மேல எனக்கு இருக்கிற பெரிய குறையே இதான்). கோவையில தமிழ் ஆராதனைக்கு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) இம்மானுவேல் ஆலயம் இருக்கு, இங்கிலீஷ் சர்வீஸ்தான் பிடிக்கும்னா ஆல் சோல்ஸ். உங்க ஐயர் அங்க இருக்கிற ஐயருக்கு ஒரு போன், ஒரு லெட்டர், "எங்க பையன், டெனர் பாடுவான், கொயர்ல சேத்துக்கோங்க"ன்னு. திருமண்டலம் (டயோசிஸ்) வேறன்னாலும் 1947-லேருந்து எல்லாம் ஒரே சி.எஸ்.ஐ.தானே, திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) முடிச்சவன்னா திருவிருந்துக்கும் தடை இல்ல. பிராக்டிஸுக்கு வரலன்னா நாலு பேர் போன் பண்ணுவாங்க பாருங்க, அந்த போனுக்கு இருக்கிற பலம் உங்க போனுக்குக் கிடையாது!

பஸ்ஸே கஷ்டம்னா காலேஜ்லயே பிரேயர் செல் இருக்கான்னு விசாரிக்கச் சொல்லுங்க. யு.இ.எஸ்.ஐ.ங்கற கிறிஸ்தவ மாணவர் அமைப்பு 1954-லேருந்து மாணவர்கள் நடுவுல வேலை செய்யுது, சாயங்காலம் பத்து பேர் மரத்தடியில கூடுனாலும் போதும். கத்தோலிக்கப் பிள்ளைங்கன்னா ஐகஃப்ங்கற மாணவர் இயக்கம் இருக்கு, அது 1924-லயே ஆரம்பிச்சது.

ஒண்ணு மட்டும் கவனிங்க, செமஸ்டர் பரீட்சை பெரும்பாலும் நவம்பர் டிசம்பர், அப்புறம் ஏப்ரல் மே. பெரிய வெள்ளிக்கு வரலயேன்னு அழாதீங்க. லீவுக்கு வரும்போது கேரலுக்கு கீபோர்டு தூக்கவோ அசனத்துக்கு (சபை விருந்துக்கு) இலை போடவோ ஒரு வேலை குடுங்க, "ஐயா பெரிய ஆளாயிட்டாரு, கண்ணுலயே படமாட்டேங்கறாரு"ன்னு வாசல்ல நின்னு குத்துற பெரியவங்களை மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க.

கேள்வி: யூடியூப்ல எங்க ஊர் ஆராதனையைப் பாத்தா போதாதா அக்கா?
– ஹாஸ்டல் மாணவி, சென்னை

பதில்: காய்ச்சல்ல படுத்திருந்தா, பரீட்சை நேரம்னா பாரும்மா, தப்பே இல்ல. ஆனா போர்வைக்குள்ள இருந்துக்கிட்டு பிரசங்கத்தை டபுள் ஸ்பீடுல ஓட்டுறதா இருந்தா, பக்கத்து ரூம் பொண்ணையும் எழுப்பிட்டு ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கிற ஒரு சர்ச்சுக்கு நடந்து போயிட்டு வாங்க. திரும்பும்போது ஆளுக்கு ஒரு டீ.